சித்தப்பாவை விசாரித்த நவராத்திரி

அந்தக் காலத்துத் துப்பறியும் படங்களில் கதாநாயகனுக்கு வியர்த்து நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. உச்சி வெயிலில் ஓடினாலும் சரி, கடத்தல்காரனின் குகைக்குள் கட்டிப்போட்டாலும் சரி, அவர் கோட்டையும் தொப்பியையும் கழற்றமாட்டார். அழவும் மாட்டார். பெற்ற தாய் செத்துப்போனால்கூட முகத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அடுத்த காட்சியில் வில்லனின் தாடையில் ஒரு குத்து விழும். துக்கம் தீர்ந்தது என்று நாமும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

இப்போது அந்தப் படங்களெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நேற்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஒன்றைப் பார்த்தேன். கதாநாயகன் கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டு வருகிறார். அவ்வளவுதான், காதலிக்கே அவரை அடையாளம் தெரியவில்லை! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடித்ததும் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. நம்மைப் போல அறுபதைத் தாண்டினவர்களுக்குத்தான் இதைச் சொன்னால் புரியும். ஓர் ஆண் எப்படி நிற்கவேண்டும், எப்படிப் பேசவேண்டும், எதற்கெல்லாம் அழக்கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். பேரன் பேத்திகளிடம் சொன்னால் கதை விடுகிறோம் என்பார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றுக்குப் பக்கத்து அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், என்னைவிட மூன்று வயது சின்னவனான தம்பி, அப்புறம் அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் காலைக் காப்பியிலிருந்து ராத்திரி மோர்சாதம் வரைக்கும் அந்த ஒரே பேச்சுதான்.

அப்பாவுக்குத் துப்பறியும் படம் என்றால் உயிர். ஓணம் விடுமுறையில் கிழக்கேகோட்டைப் பக்கத்துக் கொட்டகையில் பழைய படங்களின் தேய்ந்த பிரதிகளைப் போடுவார்கள். திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். வெளியேயும் மழைதான் பெய்துகொண்டிருக்கும். ஈரக் குடையின் வாசனை, பீடிப் புகை, இடைவேளையில் காகிதக் கூம்பில் வரும் வறுத்த கடலையின் சூடு எல்லாம் கலந்து ஒரு வாசனை அடிக்குமே, அது இப்போது எந்தக் கொட்டகையிலும் இல்லை. வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகங்களை ஒரு பிஸ்கட் டின்னில் அடைத்து வைத்திருந்தேன். அந்த டின் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஓணத்துக்கு நாங்கள் எல்லாருமாகப் பார்த்த படத்தில், கதாநாயகர் வில்லனுடைய கையாள் ஒருவனைச் சுட்டார். மொட்டைத் தலையும் கோடு போட்ட பனியனுமாக ஒருவன், மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்து செத்தான். கொட்டகையில் ஒரே விசில். எனக்குப் பக்கத்தில் சித்தப்பா மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா ஆச்சு?" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணுமில்லே அண்ணா. அவனுக்கும் ஆத்துல யாராவது சாப்பாட்டை மூடிவெச்சுண்டு காத்திண்டிருப்பாளோன்னோ?"

அப்பா சட்டென்று முன்வரிசையையும் பின்வரிசையையும் திரும்பிப் பார்த்தார். தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அப்பாவுக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை.

சித்தப்பா அழுவார். இதை ஒரு குறையாக நான் அப்போது நினைத்ததே இல்லை. சிலருக்குத் தும்மல் வருவதைப்போல சித்தப்பாவுக்கு அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ரேடியோவில் சஹானா ராகத்தில் யாராவது இழுத்தால் போதும், கண் நிறைந்துவிடும். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியை விற்ற அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அம்மாவுக்கு ஒழியாத நாட்களில் எனக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். அம்மா பின்னினால் வலிக்கும், சித்தப்பா பின்னினால் தூக்கம் வரும். நவராத்திரி வந்தால் கொலுப்படி கட்டுவது, பொம்மைகளுக்குப் புடவை கட்டுவது, கடுகு தெளித்துத் தோட்டம் முளைக்க வைப்பது எல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு. தெருவிலேயே எங்கள் கொலுதான் அழகு என்று பெண்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. நம் வீடுகளில் ஜாதகம் பொருந்தினால் அடுத்த வேலை விசாரிப்பது இல்லையா? பெண் வீட்டார் ஒருவரை அனுப்புவார்கள். அவர் தெருவுக்கு வருவார். யாருடைய வீட்டுக்கோ வந்ததுபோலப் பாசாங்கு செய்து, பையன் எப்படி, குணம் எப்படி என்று நாலு பேரிடம் வாயைக் கிளறுவார். அதற்கு முன்னால் இரண்டு இடங்களில் ஜாதகம் பொருந்தி, விசாரிப்பதற்கு ஆளும் வந்து, அதோடு நின்றுபோயிருந்தது. "பையன் தங்கம். ஆனா கொஞ்சம் பொண் சுபாவம். எதுக்கெடுத்தாலும் அழுவன்" என்று நம்முடைய தெருக்காரர்களே சொல்லி அனுப்பினார்கள் என்று ஜோசியர் வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டாவது தடவை சித்தப்பா கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என்னை அந்தப் பக்கம் போகவிடவில்லை.

மூன்றாவதாக, நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால், ஊரின் பழைய கோட்டைக்குள்ளிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் படித்தவள், ஆபீஸ் வேலை பார்க்கிறவள். ஜாதகம் நன்றாகவே பொருந்தியது. இதுவும் தட்டிப்போனால் இனிமேல் ஜாதகத்தைக் கொண்டுவரவேண்டாம் என்று சித்தப்பா ஜோசியரிடம் சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

அன்று சாயங்காலமே அப்பா திட்டம் போட்டார்.

"டேய், இன்னியிலேருந்து நீ சமையலறைப் பக்கம் தலை காட்டப்படாது. கொலுவும் வேண்டாம், குழந்தைக்குத் தலை பின்றதும் வேண்டாம். சாயங்காலம் பேண்ட்டைப் போட்டுண்டு முன்னறையில உக்காரு. இங்கிலீஷ் பேப்பரைப் பிடிச்சுக்கோ. யாராவது ஏதாவது கேட்டா ஒரு வார்த்தைக்கு மேல பதில் சொல்லாதே. குரல் இங்கேருந்து வரணும்" என்று தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கேருந்து வந்தா ஏப்பமாக்கும் வரும்" என்றாள் அம்மா.

அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். படத்தில் கதாநாயகர் சிகரெட் லைட்டரைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பாரல்லவா, அதற்கு ஈடாகப் பீரோச் சாவிக்கொத்தைக் கொடுத்து விரலில் சுழற்றச் சொன்னார். சிகரெட் விஷயமும் எழுந்தது. பற்ற வைக்க வேண்டாம், சும்மா விரலிடுக்கில் வைத்துக்கொண்டால் போதும் என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "அக்ரஹாரத்துல சிகரெட்டா? வரப்போற பொண் தம்பானூர் ஸ்டேஷனுக்கே ஓடிடுவள், கேட்டேளா?" என்று ஒரு போடு போட்டாள். சிகரெட் மட்டும் தப்பியது.

சித்தப்பா சொன்னபடி எல்லாம் கேட்டார். அண்ணா சொல்லை அவர் தட்டியதே இல்லை. மழைக்கால இருட்டில், கறுப்புக் கண்ணாடியோடு, தலைகீழாகப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். நிமிஷத்துக்கொரு தடவை சாவிக்கொத்து தரையில் விழும். "சாரி" என்பார். அந்தச் சாவிக்கொத்து விழுந்து விழுந்து முன்னறைச் சிமெண்ட் தரையில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்துவிட்டது.

எனக்கும் தம்பிக்கும் அப்பா தனி வேலை கொடுத்தார். தெருவில் புதிதாக யாராவது வந்து விசாரித்தால் உடனே வந்து சொல்லவேண்டும். இதைவிடப் பெரிய பாக்கியம் எங்களுக்கு என்ன வேண்டும்? தம்பி அப்பாவின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான். அது தரையைப் பெருக்கிக்கொண்டு வந்தது. நானும் துப்பறிவேன் என்றேன்.

"பொண்கள் துப்பறியமாட்டா. உன்னைக் கட்டிப்போட்டா அலறுவியாக்கும். அதான் உன் வேலை" என்றான் அந்த எட்டு வயசு ஆண்பிள்ளை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி. பார்த்த படங்களில் ஒரு பெண்ணாவது எதையாவது கண்டுபிடித்திருக்கிறாளா? பாடினார்கள், அலறினார்கள், மயங்கி விழுந்தார்கள். கடைசியில் அலறுவதற்கே ஒப்புக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.

நவராத்திரி பிறந்தது. அம்மா தனியாளாகக் கொலு வைத்தாள். சித்தப்பா வாசலில் சாவியைச் சுழற்றிக்கொண்டே கழுத்தை நீட்டி நீட்டி உள்ளே பார்த்தார். படி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பொம்மைகள் எல்லாம் பஸ்ஸில் நிற்கிறவர்களைப்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. "மன்னி, கீழ்ப்படிக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுக்கணும்" என்று சித்தப்பா கிசுகிசுப்பாகச் சொன்னார். அப்பா கனைத்தார். சித்தப்பா பேப்பருக்குள் போய்விட்டார்.

நாலைந்து நாள் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம், மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தபோது, தெருமுனைப் பெட்டிக்கடையில் அவர் நின்றார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கறுப்புக் கண்ணாடி. கையில் மடக்கிய குடை. சோடா குடித்துக்கொண்டே எங்கள் தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். அவர் கடையை விட்டு நகர்கிற வரைக்கும் காத்திருந்து கடைக்காரரிடம் கேட்டோம்.

"ஆ கண்ணாடிக்காரரோ மோளே? ஓரோ வீடும் ஆருடையதுன்னு கேட்டுட்டிருந்நு. நிங்ஙளுடெ வீடும் கேட்டு" என்றார் அவர் மலையாளத்தில். தெருவில் ஒவ்வொரு வீடும் யாருடையது என்று கேட்டாராம், எங்கள் வீட்டையும்தான்.

தம்பி மழைக்கோட்டு தடுக்கி இரண்டு தடவை விழுந்து எழுந்து ஓடினான். அப்பா உடனே வேட்டியை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கி, தற்செயலாக எதிர்ப்பட்டவரைப்போல அந்த மனிதரை மடக்கி, "மழை வலுக்கறாப்போல இருக்கே, உள்ளே வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போகலாமே" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரும் மறுக்கவில்லை. முன்னறையில் கறுப்புக் கண்ணாடியோடு அவரும், கறுப்புக் கண்ணாடியோடு சித்தப்பாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"என் தம்பி" என்றார் அப்பா. "அதிகம் பேசமாட்டான். ஆனா கை பேசும். போன வருஷம் ஆத்துல நுழைஞ்ச திருடனை ஒரே அறை. அவன் ஆற்றங்கரை வரைக்கும் திரும்பிப் பாக்காம ஓடினான்."

எங்கள் வீட்டில் திருடன் வந்ததே இல்லை. சித்தப்பாவின் சாவிக்கொத்து தரையில் விழுந்தது.

இதே நேரத்தில் உள்ளே இரண்டு பெண்கள் கொலு பார்க்க வந்திருந்தார்கள். பக்கவாட்டு நடை வழியாக வந்ததால் அப்பா கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார். நவராத்திரி சமயத்தில் கொலு வைத்த வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தவர்களா, தெரியாதவர்களா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. வா என்று கூப்பிட்டு, உட்காரவைத்து, பாடச் சொல்லி, சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்புவோம். கோட்டைக்குள் மண்டபத்தில் அந்த நாட்களில் பெரிய வித்வான்கள் கச்சேரி செய்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு அடுத்த வீட்டுக் கொலுதான் மேடை.

ஒருத்தி குட்டையாக, சிரித்த முகமாக இருந்தாள். இன்னொருத்தி ஒல்லி. நீலப் புடவை, சேலைத் தலைப்பில் மழைத்துளி, கையில் ஆபீஸுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு பை. அம்மா அவர்களுக்குப் பாய் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் கீழ்ப்படி சரிந்தது. செட்டியார் பொம்மையின் மனைவி உருண்டுவந்து தலை தனியாகவும் உடம்பு தனியாகவும் விழுந்தாள். "ஐயோ" என்று அம்மா அலறினாள்.

முன்னறையிலிருந்து சித்தப்பா பாய்ந்து வந்தார். அப்பா "டேய், உக்காருடா" என்றது அவர் காதில் விழவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தார். கொல்லையிலிருந்து ஒரு செங்கல் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். மைதாப் பசையும் சுண்ணாம்புமாகக் குழைத்து, செட்டியாரம்மாவின் தலையைக் கழுத்தில் பொருத்தி, காயும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வந்திருக்கிறவர்கள் கொலு பார்க்க வந்த பெண்கள்தானே, விசாரிக்க வந்தவர் முன்னறையில் அல்லவா இருக்கிறார் என்ற தைரியம்.

சங்கடத்தை மாற்ற அம்மா, "நீங்க யாராவது ஒரு பாட்டுப் பாடுங்கோளேன்" என்றாள். நீலப் புடவைக்காரி பாடினாள். பெரிய குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் கீழே வைக்க மனசில்லாதவளைப்போலப் பாடினாள். சஹானா.

சித்தப்பாவால் என்ன செய்ய முடியும்? கையை எடுத்தால் செட்டியாரம்மாவின் தலை விழுந்துவிடும். முகத்தைத் துடைக்க வழியில்லை, மறைக்கவும் வழியில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கி, தாடையில் நின்று, சட்டையில் சொட்டியது. அவர் அதை விட்டுவிட்டு, தலையை லேசாக அசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பாடினவள் அவரையே பார்த்துக்கொண்டு பாடினாள்.

அம்மா சுண்டல் எடுக்கப் போனபோது அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"இது யாரு?"

"சித்தப்பா."

"எப்பவும் இப்படித்தானா?"

"சஹானா கேட்டா இப்படித்தான். மத்த ராகத்துக்குக் கொஞ்சமாக்கும் அழுவார்."

"கோபம் வந்தா?"

"தோசை வார்ப்பார்" என்றேன். உண்மை அதுதான். ஆபீஸில் யாருடனாவது தகராறு என்றால் வீட்டுக்கு வந்து, ஒருவருடனும் பேசாமல், மாவு தீருகிறவரை வார்த்துத் தள்ளுவார். எங்களுக்குக் கொண்டாட்டம்.

"உன் தலை யார் பின்னினது? அழகா இருக்கே."

"அம்மா பின்னினது அழகாவா இருக்கு? சித்தப்பா பின்னிப் பாக்கணும் நீங்க" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். வெற்றிலை பாக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோழியோடு மழையில் போய்விட்டாள்.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. துப்பறிய வந்தவர் என்றால் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கும் என்று படித்துவைத்திருந்தோமே. நீலப் புடவையும் மஞ்சள் குங்குமமுமாக ஒருத்தி வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டு மனிதர்களை வேண்டியமட்டும் பார்த்து, சாட்சியையும் விசாரித்து, சுண்டலும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அலறுவதற்காக நியமிக்கப்பட்ட நான் அவளுக்கு எல்லாப் பதிலையும் சொல்லிவிட்டு, வாசல் வரைக்கும் வழியனுப்பியும் வந்தேன்.

முன்னறையில் கோட்டுக்காரர் இரண்டாவது காப்பியைக் குடித்து முடித்து, விஷயத்துக்கு வந்தார். "இந்தத் தெருவுல வீடு ஏதாவது வாடகைக்குக் கிடைக்குமான்னுதான் ரெண்டு நாளா அலையுதேன். மகனுக்கு நாகர்கோவில்லேருந்து இங்க மாத்தலாகியிருக்கு. எனக்குக் கண்ணு ஆப்பரேசன் ஆயிருக்கு, வெளிச்சம் ஆகாது, அதான் இந்தக் கண்ணாடி" என்றார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "ஆனா திருடன் வர்ற தெருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. நான் வேற இடம் பாத்துக்கிடுதேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நவராத்திரி முடிந்த கையோடு ஜோசியர் வந்தார். பெண் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள்! அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எவனோ நமக்குத் தெரியாமலே வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்கான். முன்னறையில இவன் உக்காந்திருக்கிற தோரணையைப் பாத்திருக்கான். கண்ணாடி வேலை செஞ்சுடுத்து" என்றார். அம்மா மட்டும் நம்பவில்லை. தெருவில் யாராவது உண்மையைச் சொல்லியிருந்தால் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குக் குழப்பம்.

அப்பாவை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அன்றைய அவர் வயதைத் தாண்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது எனக்கு. தாத்தா போனபோது அப்பா பள்ளிக்கூடப் பிள்ளை, சித்தப்பா கைக்குழந்தை. கொள்ளி வைக்கப் போகும்போது யாரோ ஒருவர், "ஆம்பளைப் பிள்ளை அழப்படாது, இனிமே நீதான் ஆத்துக்குப் பெரியவன்" என்று அப்பாவின் தோளைத் தட்டினாராம். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். படத்தில் வருகிறவரைப் பாருங்கள், எந்த ஆபத்திலும் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, அவருக்குப் பயம் கிடையாது. அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். தன்னால் தம்பி வாழ்க்கை தனியாகப் போய்விடுமோ என்று பயம். தான் அழாமல் கழித்த வருஷங்களை அந்தப் படத்துக் கோட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் அவர் சமாளித்தார் என்று தோன்றுகிறது. ஆபீஸ் விட்டதும் அந்தப் படங்களைத் தனியாகவும் போய்ப் பார்த்துவிட்டு வருவார் என்று அம்மா ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

பெண் பார்க்கக் கிளம்பினோம். கரமனையிலிருந்து கிழக்கேகோட்டைக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம்? அவ்வளவு நேரத்துக்குள் அப்பா சித்தப்பாவுக்குக் கடைசிப் பாடம் எடுத்தார்.

"கட்டாயம் பாடச் சொல்லுவா. உனக்குத் தொண்டை அடைச்சா உடனே இருமு. இருமினா கண்ணுல தண்ணி வரது சகஜம், யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணா."

"எங்கே, ஒரு தடவை இருமிக் காட்டு."

சித்தப்பா இருமினார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கோட்டைக்குள் ஒரு நீளமான வீடு. கூடத்தில் ஜமக்காளம் விரித்து, ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு, நிமிர்ந்து உட்கார்ந்து, அளந்து பேசினார். எங்கள் அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பெண் காப்பித் தட்டோடு வந்தாள். அம்மாவின் விரல்கள் என் கையில் அழுந்தின. நான் வாயைத் திறந்துவிடப் போகிறேனே என்ற பயம் அம்மாவுக்கு. அதே ஒல்லி உடம்பு, அதே முகம். இன்றைக்கு மட்டும் பட்டுப்புடவை.

சித்தப்பாவும் பார்த்துவிட்டார். காப்பி டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் தெரிந்துபோயிற்று, இனிமேல் என்ன என்று எழுந்து போய்விடுவாரோ என்று எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் திருப்தியாகக் காப்பியை ஆற்றிக்கொண்டு, "குழந்தை பாடுவாளா?" என்று கேட்டார்.

அவள் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொடங்கினாள். அதே பாட்டு, அதே சஹானா. வேண்டுமென்றேதான் அதை எடுத்தாள் என்று எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

முதல் வரியிலேயே சித்தப்பா இருமினார். இரண்டாவது வரியில் இன்னும் பலமாக. மூன்றாவது வரியில் அவருக்கு மூச்சே முட்டியது. அப்பா கவலையோடு, "மழையில நனைஞ்சுட்டான்" என்றார். யாரோ தண்ணீர் கொண்டுவர எழுந்தார்கள்.

பாட்டு நின்றது.

"அவரை இருமவேண்டாம்னு சொல்லுங்கோ" என்றாள் அவள். தலை குனிந்துதான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அன்னிக்குக் கொலுவில கேட்டாரே, அதே மாதிரி கேட்டாப் போறும்."

"என்னடி சொல்றே? எந்தக் கொலு?" என்றார் அவள் அப்பா.

"கரமனைக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன் அப்பா. இவாத்துலதான் சுண்டல் சாப்பிட்டேன்." அவள் அதோடு நிறுத்தவில்லை. "நான் இத்தனை வருஷமாப் பாடறேன். நம்மாத்துல எல்லாரும் நன்னாருக்குன்னு சொல்லுவா. ஒருத்தர் அழுது நான் பாத்ததில்லே. அவர் அழுதார். ரெண்டு கையிலயும் பொம்மையைப் பிடிச்சுண்டு அழுதார். அதைப் பாத்துட்டுத்தான் உங்களை ஜோசியர்கிட்ட சரின்னு சொல்லச் சொன்னேன்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கண்ணாடி, சாவிக்கொத்து, திருடனுக்கு விட்ட அறை எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குள் கழன்று விழுந்திருக்கவேண்டும். தம்பியைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா இருமலை விட்டுவிட்டு, சின்னப் பையனைப்போல அழுதுகொண்டிருந்தார். அழுதுகொண்டே சிரிக்கவும் செய்தார். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அதுவரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அப்பா தன் அங்கவஸ்திரத்தை எடுத்துத் தம்பியின் மடியில் போட்டார். எல்லார் முன்னாலும்தான் போட்டார்.

"அவன்மேல தப்பில்லேம்மா. நான்தான் பஸ்ஸில வரச்சே இருமச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். அவர் குரல் அடிவயிற்றிலிருந்து வரவில்லை. எங்கோ தொண்டையில் சிக்கிக்கொண்டு வந்தது. "நீ முதல்லேருந்து பாடு குழந்தே. இனிமே எங்காத்துல ஒருத்தரும் இருமமாட்டா."